வெளுப்புக் கணக்கில் ஒரு நீலத் தாவணி

1945 ஜூலை 3, செவ்வாய்

கச்சான் காற்று விடவில்லை. காலையில் துடைத்த மேசையில் மத்தியானம் விரலால் பெயர் எழுதலாம், அவ்வளவு புழுதி. தோணிகள் மூன்றையும் கரையேற்றியாயிற்று. இனி காற்று அடங்கும் வரை அவர் வீட்டில்தான். காப்பி நாலு தடவை.

இசக்கி வந்தாள். வெளுக்கப் போட்டது: வேட்டி 6, துண்டு 4, என் சேலை 3, மைனி சேலை 2, பிலோ தாவணி 2 (நீலம், ரோஸ்), பாவாடை 3, தலையணை உறை 5, மேசை விரிப்பு 1. ஆக 26. சனிக்கிழமை வரும்.

துணிக்குக் கட்டுப்பாடு வந்தபின் ஒன்று தொலைந்தால் ஒன்று வாங்க வழியில்லை. அதனால் எண்ணி, நிறம் எழுதி, அவள் முன்னாலேயே வாசித்துக் காட்டுகிறேன். "சுவாமியார் பூசையில வாசிக்கிற மாதிரில்லா வாசிக்கீய! முழங்கால்ல நிக்கட்டுமா யம்மா?" என்கிறாள் இசக்கி.

இந்தக் குறிப்புகளையும் வெளுப்புக் கணக்கின் பின்பக்கத்திலேயே எழுதுகிறேன். வேறு தாள் இல்லை. வெளுப்புக் கணக்கை யாரும் புரட்டிப் பார்க்கவும் மாட்டார்கள்.

பிலோ இன்றும் மேசைக்கு வரவில்லை. பின்னலை அறுத்துக்கொண்டு ஒன்பது நாள். கொழும்பில் ஒரு வீட்டார் பெண்ணுக்கு முடி நீளமா என்று விசாரித்தார்களாம். மைனி, அவர் அக்கா, அதைப் பெருமையாகச் சொன்ன ஞாயிறன்று மத்தியானமே கத்தரிக்கோல். பின்னலைக் கொண்டுவந்து மைனி மடியில் போட்டாள். "முடியைத்தானே கேட்டாங்க அத்தை, அனுப்பிருங்க."

எனக்குச் சிரிப்பு வந்தது. அடக்கிக்கொண்டேன். பாவசங்கீர்த்தனத்தில் சொல்ல வேண்டும்.

ஜூலை 5, வியாழன்

ஒழுங்காக எழுதப் பார்க்கிறேன்.

உறைகள் வெளுக்கப் போய்விட்டதால் பிலோவின் தலையணை வெறுமனே கிடந்தது. தையல் விட்ட இடத்தில் மைனி கையை விட்டுப் பார்த்திருக்கிறாள். பஞ்சுக்குள் ஒரு நோட்டு. பள்ளிக்கூட நோட்டு. மேலே கணிதம் என்று இருக்கிறது. உள்ளே கணிதம் இல்லை.

மைனி கூடத்தில் நின்று எழுத்துக் கூட்டி வாசித்தாள். "அ-வர் என் பின்-ன-லைத் தொட்-டார்..." அதற்குமேல் வாசிக்கவில்லை. "ஏ தம்பி, வா இங்க. உன் மக கடற்கரையில எவன்கிட்டயோ பின்னலைக் குடுத்துக்கிட்டு நின்னுருக்கா!"

அவர் வந்தார். "யாருளா அவன்?"

பிலோ மைனி கையிலிருந்த நோட்டையே பார்த்தாள்.

"பேரைச் சொல்லு."

"சொல்ல மாட்டேன்."

கை ஓங்கினார். நான் நடுவில் போய் நின்றேன். பதின்மூன்று வருஷத்தில் அவர் முன்னால் அப்படி நின்றதில்லை. கையை இறக்கிவிட்டு நோட்டை என்னிடம் வீசினார். "நீதான் எழுத்துன்னா விட மாட்டியே. முழுசும் படி. பேரைக் கண்டுபிடிச்சுச் சொல்லு."

பிலோ என்னைப் பார்த்தாள். அந்தப் பார்வையை இங்கே எழுத வரவில்லை.

இரவுச் சாப்பாடு யாருக்கும் இறங்கவில்லை. குத்தா மீன் குழம்பு அப்படியே.

ஜூலை 6, வெள்ளி

புழுதி. மீன்காரி வரவில்லை.

நோட்டு 112 பக்கம். வென்னீரடுப்புப் பக்கத்தில் உட்கார்ந்து படித்தேன். அங்கே யாரும் வருவதில்லை.

மாசி மாதம் இதே அடுப்பில்தான் அவர் அவள் புத்தகங்களைப் போட்டார். வாரப் பத்திரிகைகளில் வரும் காதல் தொடர்கதைகளைக் கிழித்து, ஊசி நூலால் தைத்து, பதினொரு கட்டு வைத்திருந்தாள். விடுதியில் செபப் புத்தக அட்டைக்குள் மறைத்துப் படித்தாள் என்று கன்னியாஸ்திரிகள் வீட்டுக்கு அனுப்பிவிட்டார்கள். அன்றைக்கு வென்னீர் நன்றாகக் கொதித்தது. அவள் அழவில்லை. ஒரு வாரம் குளிக்கவில்லை. அதற்குப் பிறகு கோவிலுக்கும் வருவதில்லை. சங்கிலி, வளையல் எதுவும் போடுவதில்லை.

நோட்டில் இருப்பது: தேதி போட்டு எழுதியிருக்கிறாள். எல்லாம் வெள்ளிக்கிழமை. நாங்கள் செபமாலைக்குப் போகும் நேரம். சுங்கக் கிட்டங்கிக்குப் பின்னால் கடற்கரை. கப்பலில் தந்தி அடிக்கிறவர் ஒருவர். பேர் இல்லை. 'அவர்' என்றுதான். மெதுவாகப் பேசுவார். எதிரே வந்து நின்றதும் முதலில் கேட்பது, "இன்றைக்கு என்ன நினைத்தாய்?"

இந்த இடத்தில் நோட்டை மூடி வைத்துவிட்டு அடுப்பைப் பார்த்துக்கொண்டிருந்தேன். இப்படி ஒரு கேள்வியை ஒருவர் ஒருவரிடம் கேட்பதுண்டா?

பக்கம் 31-ல் நான் வருகிறேன். "சின்னம்மாவுக்கு உலகத்தில் எல்லாம் உருப்படி. எண்ணுவாள், எழுதுவாள், மடித்து வைப்பாள். நானும் ஓர் உருப்படி. செத்துப்போன அக்காளிடமிருந்து எண்ணி வாங்கிக்கொண்டது."

சரி.

பேர் கிடைக்கவில்லை என்று அவரிடம் சொன்னேன். திரும்பவும் படி என்றார். திரும்பவும் படித்தேன். அவர் சொன்னதற்காக மட்டும் இல்லை.

ஜூலை 8, ஞாயிறு

பூசை. பிலோவை அறையில் வைத்துப் பூட்டிவிட்டுப் போனோம். சாவி மைனி இடுப்பில்.

கொழும்புக்காரர் திருவிழாவுக்காக ஊருக்கு வந்திருக்கிறார். இரண்டு கடை. வயது நாற்பது. மனைவி போய் இரண்டு வருஷம். மத்தியானம் அவரும் பிலோ அப்பாவும் பேசி முடித்துவிட்டார்கள். திருவிழா கழிந்த மறுவாரம் கலியாணம். 15, 22, 29 மூன்று ஞாயிறும் கோவிலில் கலியாண அறிவிப்பு, ஓலை வாசிப்பு.

முடியைப் பற்றிக் கொழும்புக்காரர், "வளரும்லா" என்றாராம். மைனிக்கு அதில் உருக்கம். "எவ்வளவு பெரிய மனசு பாத்தியா ஞானம்!"

"ஏன் இவ்வளவு அவசரம்?" என்று அவரிடம் கேட்டேன்.

"கேக்குத கேள்வியப் பாரு. அந்தக் கப்பல்காரப் பய விவரம் வெளிய வாரதுக்குள்ள அனுப்பணுமா வேண்டாமா?"

என் அக்காள் இறந்து ஏழாவது மாதம் எனக்கு ஓலை வாசித்தார்கள். பதினெட்டு வயது. பிலோவுக்கு மூன்று. பிள்ளையை வேற்றாள் வளர்க்கக் கூடாது என்று நம் வீடுகளில் செய்வதுதான். என்னை யாரும் கட்டாயப்படுத்தவில்லை. யாரும் கேட்கவும் இல்லை.

ஜூலை 10, செவ்வாய்

இசக்கி வந்தாள். வேட்டி 5, துண்டு 4, சேலை 5, தாவணி என்று எழுதி, நீலம் 1 என்று போட்டதும் பேனா நின்றுவிட்டது.

நோட்டில், ஜூன் 15 வெள்ளி: "நீலத் தாவணி உடுத்திக்கொண்டு போனேன். கடலும் நீயும் ஒரே நிறம் என்றார்."

கணக்கை முன்னால் புரட்டினேன். ஜூன் 12 செவ்வாய்: தாவணி, நீலம் 1. வந்தது 16 சனி.

"இசக்கி, போன மாசம் பதினஞ்சாம் தேதி வெள்ளிக்கிழமை நீலத் தாவணி எங்க இருந்துச்சு?"

"என் வீட்டுலதான் யம்மா. கஞ்சி போட்டுக் கொடியில கெடந்துச்சு. ஏன், நான் உடுத்திக்கிட்டுக் கடற்கரைக்குப் போய்ட்டேன்னு எவளும் சொன்னாளா?"

"இல்லளா."

"சொன்னாலும் சொல்லட்டும். எனக்கு நல்லாத்தான் இருக்கும்."

அவள் போனபின் நோட்டையும் கணக்கையும் பக்கத்தில் பக்கத்தில் விரித்தேன். ஜூன் 22, ரோஸ் தாவணி. அதுவும் இசக்கி வீட்டில். ஜூன் 29, அவர் பின்னலில் பிச்சி வைத்து விடுகிறார். பின்னல் 24-ந் தேதியே மைனி மடிக்கு வந்துவிட்டது.

இரண்டு தடவை படித்தேனே, எப்படிக் கண்ணில் படவில்லை? நான், தலையணை உறையில் ஒரு பொத்தான் குறைந்தாலும் பார்க்கிறவள். அந்தப் பின்னலில் அவர் பூ வைத்தபோது என் கழுத்துப் பக்கம் குளிர்ந்தது. கணக்குப் பார்க்கத் தோன்றவில்லை, அவ்வளவுதான்.

யாரும் இல்லை. கடற்கரையில் யாரும் நிற்கவில்லை. புத்தகங்கள் எரிந்து போனதால் அவளே ஒன்று எழுதிக்கொண்டிருக்கிறாள்.

முழங்காலில் விழுந்து மாதாவுக்கு நன்றி சொன்னேன். எழுந்திருக்கும்போது ஏனோ கொஞ்சம் வருத்தம்.

ஜூலை 11, புதன்

மைனி குளிக்கப் போனபோது அவள் அவிழ்த்து வைத்த சேலையிலிருந்து சாவியை எடுத்தேன். பிலோவுக்கு இட்லி 3, சர்க்கரை. தொடவில்லை.

கணக்கைக் காட்டினேன். முகம் வெளுத்துவிட்டது. அவர் கை ஓங்கியபோதுகூட அப்படி ஆகவில்லை.

"அப்பாட்ட சொல்லாதீய."

"சொன்னா கலியாணம் நிக்கும்ளா. யாரும் இல்லன்னு தெரிஞ்சா எதுக்கு அவசரம்?"

"சொல்லாதீய சின்னம்மா. ஒருத்தன் இருக்கான்னா அடிப்பாங்க. இல்லன்னா சிரிப்பாங்க. அடிக்கட்டும்."

"நாற்பது வயசுக்காரருக்குக் கட்டிக் குடுக்கப் போறாங்க."

"குடுக்கட்டும். அவர் எனக்கு இருக்கார்."

"யாரு?"

இட்லித் தட்டைத் தள்ளி வைத்தாள். எனக்கும் தெரியும் யார் என்று.

வெளியே வந்து பூட்டினேன். சாவியைத் திரும்ப மைனியின் சேலையில் முடிந்து வைத்தேன். ஒரு திருடியைப் போல.

ஜூலை 12, வியாழன்

சொல்லிவிட்டேன்.

நாள் முழுக்க யோசித்தேன். வெட்கம் நாலு நாளில் ஆறும், கலியாணம் ஆறாது. அப்படித்தான் எண்ணினேன்.

அவர் கண்ணாடி போட்டுக்கொண்டு உட்கார்ந்தார். தோணிச் சரக்குக் கணக்குப் பார்ப்பதுபோல விரல் வைத்து, தேதிக்குத் தேதி, தாவணிக்குத் தாவணி. கணக்கென்றால் நம்புகிறவர். "அப்பம் இதுல ஆளே இல்லையா?"

"இல்லை."

"தந்திக்காரன்?"

"இல்லை."

சிரித்தார். வயிற்றைப் பிடித்துக்கொண்டு, இருமல் வரும் வரை. "ஏ அக்கா, கேட்டியா! ஒரு வாரமா ஹார்பர் முழுக்க இல்லாத பயலைத் தேடிக்கிட்டு அலைஞ்சிருக்கேன்!" மைனியும் சிரித்தாள். பூட்டிய கதவு நாலு அடி தூரத்தில்.

"அப்பம் கலியாணத்தை நிறுத்திருவீயளா?" என்றேன்.

"எதுக்கு நிறுத்தணும்? எந்தக் கெட்ட பேரும் இல்ல, தங்கமான பொண்ணு. மடியில கனமில்லாம இப்பம் குடுப்பேன். ஞாயிற்றுக்கிழமை ஓலைய வாசிக்கச் சொல்லி ஆள் அனுப்பிருதேன். நீ நல்ல காரியம் செஞ்ச ஞானம்."

கலியாணம் முடிந்த இத்தனை வருஷத்தில் அவர் வாயால் இதைக் கேட்டதில்லை. இன்றைக்குக் கேட்டேன்.

வழியில் கிடந்த ஒரே கல்லை நானே பெருக்கித் தள்ளியிருக்கிறேன்.

கதவுக்கு வெளியே நின்று, "பிலோ" என்றேன்.

"சொல்லிட்டீய."

அவ்வளவுதான்.

ஜூலை 15, ஞாயிறு

இனிப் பயமில்லை என்று பூட்டை எடுத்துவிட்டார்கள். பூசைக்குக் கூட்டிப் போனோம். குட்டை முடி தெரியாமல் முக்காடு. மைனி ஊசி குத்தினாள்.

பிரசங்கம் முடிந்து ஓலை. கொழும்புக்காரர் பேர், தகப்பன் பேர், பிலோமினா, தகப்பன் பேர், காலம்சென்ற தாயார் பேர். "இவர்கள் கலியாணத்துக்குத் தடை ஏதும் அறிந்தவர்கள் தெரிவிக்கக் கடமைப்பட்டிருக்கிறார்கள்." யாரோ இருமினார்கள். பெண்கள் பக்கத்தில் திரும்பி என்னைப் பார்த்துப் புன்னகை செய்தவர்கள் ஆறு பேர்.

பிலோ அழவில்லை. சாப்பிடவும் இல்லை. வியாழனிலிருந்து தண்ணீரும் கொஞ்சம் கஞ்சியும்.

காலையில் நோட்டை அவள் அறையிலேயே வைத்துவிட்டு வந்திருந்தேன். பக்கங்களைப் பிரித்து ஒவ்வொன்றாக ஜன்னல் வழியே காற்றில் விட்டிருக்கிறாள். தெருவில் ஓடிப் பொறுக்கினேன். பெரிய வீட்டுப் பெண்பிள்ளை தெருவில் காகிதம் பொறுக்குகிறாள் என்று எதிர்வீட்டில் பார்த்தார்கள். 112-ல் 96 கிடைத்தது.

ஜூலை 16, திங்கள்

கிடைத்த பக்கங்களை வரிசைப்படுத்தித் தைத்தேன். கெட்டி நூல், ஏழு துளை. தைக்கும்போது பக்கம் 88 கண்ணில் பட்டது.

அவளுக்குத் தலைவலி. அவர் பக்கத்தில் உட்கார்ந்து துறைமுகத்து விளக்குகளை ஒவ்வொன்றாக எண்ணுகிறார். "நூறு வந்தால் போய்விடுவீர்கள்" என்கிறாள். "நூறு வராது" என்கிறார். தொண்ணூற்றொன்பதுக்கு அப்புறம் மறுபடியும் தொண்ணூறு என்கிறார். அவள் தூங்கும் வரை நூறு வரவில்லை.

இதை எழுதவே கை வரவில்லை. அவளுக்கு ஏழு வயதில் அம்மை போட்டது. கண் திறக்க முடியாது. வேப்பங்குலையை எண்ணி எண்ணி வீசினேன். எனக்குக் கதை சொல்லத் தெரியாது, எண்ணத்தான் தெரியும். "நூறு வந்தா எழுந்து போயிருவீயளா சின்னம்மா?" என்றாள். அதனால் தொண்ணூற்றொன்பதுக்கு அப்புறம் தொண்ணூறு.

ஒன்பது வருஷம். அவள் மறந்திருப்பாள் என்று நினைத்தேன்.

செபமாலை ஐம்பத்து மூன்று மணியிலும் மனம் நிற்கவில்லை.

ஜூலை 18, புதன்

காற்று கொஞ்சம் குறைவு. கொழும்பிலிருந்து வந்த பெட்டியை மைனி திறந்து காட்டினாள். பட்டு 4, வாசனைச் சோப்பு 12. நேற்று இசக்கி வந்ததை எழுத மறந்துவிட்டேன். முதல் தடவை. ஞாபகத்திலிருந்து 22 என்று போடுகிறேன்.

மத்தியானம் பிலோ அறை. சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்திருந்தாள். பசி மயக்கம், தலைவலி. விசிறியை எடுத்துக்கொண்டு உட்கார்ந்தேன். மன்னிப்புக் கேட்க வாய் வரவில்லை. ஒன்று, இரண்டு என்று ஆரம்பித்தேன்.

திரும்பவில்லை. போகச் சொல்லவும் இல்லை.

தொண்ணூற்றேழு. தொண்ணூற்றெட்டு. தொண்ணூற்றொன்பது. நிறுத்தினேன்.

சுவரைப் பார்த்துக்கொண்டே அவள் சொன்னாள். "தொண்ணூறு."

மறுபடி தொண்ணூற்று மூன்று வந்தபோது குறுக்கிட்டாள்: "உங்களுக்கு ஓலை வாசிச்ச அன்னைக்கு என்ன நெனச்சீய சின்னம்மா?"

என்னிடம் இதுவரை யாரும் கேட்காத கேள்வி. கப்பல்காரர் கேட்கிற கேள்வி.

"ஒண்ணும் நெனைக்கல. பீடத்துல மெழுகுவத்தியை எண்ணிக்கிட்டு இருந்தேன்."

"எத்தனை?"

"இருபத்திரண்டு. ரெண்டு அணைஞ்சு போச்சு."

இப்போதுதான் திரும்பினாள். "நான் ஞாயிற்றுக்கிழமை எண்ணினேன். இருபத்தாறு."

கஞ்சி ஒரு கிண்ணம் குடித்தாள்.

ஜூலை 19, வியாழன்

மைனியிடம் நேர்ச்சை மெழுகுவத்தி வாங்கப் போவதாகச் சொன்னேன். பொய். (1)

சுவாமியார் அறை முழுக்கத் திருவிழாத் தோரணம். ஏணியில் நிற்கிறவரைப் பார்த்து, "ஏலே, மாதாவுக்கு நேரா கட்டு, உனக்கு நேரா இல்ல" என்று கத்திக்கொண்டிருந்தார். நான் நின்றதைப் பார்த்து உள்ளே வரச் சொன்னார்.

"தடை சொல்ல வந்தேன் சுவாமி."

"யாரு கலியாணத்துக்கு?"

"எங்க பிலோ கலியாணத்துக்கு."

நாற்காலியில் உட்கார்ந்துவிட்டார். "உன் வீட்டுக்காரருக்குத் தெரியுமா?"

"தெரியாது."

"என்ன தடை?"

"பிள்ளைக்குச் சம்மதம் இல்ல."

"பதினாறு வயசுல எந்தப் பிள்ளை சம்மதம்னு குதிச்சுக்கிட்டு வரும்? வேற யாரும் மனசுல இருக்கானா?"

வீட்டிலிருந்து கோவில் வரை இதற்குத்தான் பதில் தேடிக்கொண்டு வந்தேன். இல்லை என்றால் என்னைத் திருப்பி அனுப்பிவிடுவார்.

"ஒருத்தர் இருக்கார் சுவாமி."

"பாத்திருக்கியா?"

"படிச்சிருக்கேன்."

"கடுதாசியா? என்ன தொழில்?"

"கப்பல்ல தந்தி."

"எப்பம் வாரானாம்?"

"தெரியாது சுவாமி."

என்னை வெகுநேரம் பார்த்தார். "சனிக்கிழமை பிள்ளையக் கூட்டிட்டு வா. அவ வாயால கேக்காம அடுத்த ஓலைய வாசிக்க மாட்டேன்."

(2), (3) என்று இங்கே போட வேண்டும். எத்தனை என்று தெரியவில்லை. அவர் அவள் மனசில் இருக்கிறார், அது பொய்யில்லை. அப்படியானால் எனக்கு ஏன் வேர்த்தது?

திரும்பி வரும் வழியில் மெழுகுவத்தி 2 வாங்கினேன். முதல் பொய்யைக் குறைக்க.

ஜூலை 21, சனி

இசக்கி கொண்டு வந்தது 23. நான் எழுதியது 22. "ஒண்ணு கூடக் குடுத்தா வேண்டாம்னா சொல்லுவீய?" என்கிறாள்.

மாலை பாவசங்கீர்த்தனத்துக்கு என்று பிலோவுடன் கோவில். ஐந்து மாதத்தில் அவளாகக் கிளம்பியது இதுதான் முதல் தடவை. மைனிக்கு ஆனந்தம். "புத்தி வந்துட்டு."

வழியில் அவளிடம் சொன்னேன். "ஒருத்தர் இருக்கார்னு சுவாமிட்ட சொல்லிட்டேன். நீயும் ஆமான்னு சொன்னா போதும்." நடந்துகொண்டே இருந்தாள்.

சுவாமி கேட்டார். "சின்னம்மா எல்லாம் சொன்னா. அந்தக் கப்பல்காரன் பேரு என்ன?"

பிலோ முக்காட்டை எடுத்தாள். குட்டை முடி. காதில் ஒன்றுமில்லை.

"பேர் இல்ல சுவாமி. ஆளே இல்ல. நான் எழுதுன கதை. நோட்டுல எழுதுனேன், எல்லாரும் நிசம்னு நெனச்சாங்க. பிறகு எல்லாரும் சிரிச்சாங்க."

சுவாமி என்னைப் பார்த்தார். நான் தரையைப் பார்த்தேன்.

"அப்பம் இந்தக் கலியாணத்துக்கு உனக்கு என்ன தடை?"

"எனக்கு வேண்டாம்."

"வேற ஆளும் இல்ல."

"ஆள் இல்லன்னாலும் வேண்டாம் சுவாமி. பீடத்துல வச்சு நீங்க சம்மதமான்னு கேப்பீயல்லா, அப்பமும் இதையேதான் சொல்லுவேன். எல்லாரும் இருப்பாங்க. அப்பா இருப்பாரு. அதுக்கு இப்பமே சொல்லிருதேன்."

நான் பொய்யும் மெய்யுமாக அலைந்து கட்டியதை ஒரே வார்த்தையில் முடித்துவிட்டாள். அவளுக்கு ஒரு மறைவும் தேவைப்படவில்லை.

சுவாமி அந்தப் பெரிய ஓலைப் புத்தகத்தை எடுத்து ஏதோ எழுதினார். வெளியே வரும்போது என்னிடம் மட்டும்: "தந்தி! நல்லா படிச்சிருக்க." சிரித்தாரா என்று பார்க்கத் தைரியம் இல்லை. பரிகாரம்: முழுச் செபமாலை மூன்று.

ஜூலை 22, ஞாயிறு

மூன்று ஓலை வாசித்தார்கள். நம் வீட்டு ஓலை இல்லை.

பூசை முடிந்து அவர் நேரே சுவாமி அறைக்குப் போனார். கால் மணி. வெளியே வந்தபோது என் பக்கம் பார்க்கவில்லை. வண்டியில் பேச்சில்லை. வீட்டுக்கு வந்ததும் நான் போட்ட சோற்றைத் தள்ளிவிட்டு மைனியைப் போடச் சொன்னார்.

மைனி: "கூடப் பொறந்தவ பிள்ளையக் கரையேத்த வந்தவன்னு நெனச்சோம். தோணியில ஓட்டை போட வந்திருக்கா."

கொழும்புக்காரர் பெட்டியைத் திருப்பி வாங்கிக்கொண்டார். பட்டு 4, சோப்பு 11. ஒன்றை மைனி உபயோகித்துவிட்டாள்.

இராச் சாப்பாட்டுக்குப் பிலோ மேசைக்கு வந்தாள். எல்லாருக்கும் எதிரே உட்கார்ந்து, மீனை முள் எடுத்துச் சாப்பிட்டாள். அவர் எழுந்து போகவில்லை. ஒரு தடவை அவள் தலையைப் பார்த்தார். அந்த முடியை அவர் இப்போதுதான் பார்க்கிறார் என்று தோன்றியது.

என்னோடு எத்தனை நாள் பேசாமல் இருப்பாரோ தெரியாது. எண்ணப் போவதில்லை.

ஜூலை 23, திங்கள்

தைத்த நோட்டை அவள் தலையணைக்கு அடியில் வைத்தேன். பஞ்சுக்குள் இல்லை, அடியில். வெளுப்புக் கணக்கின் எழுதாத நாற்பது தாளை அறுத்து அதனோடு சேர்த்துத் தைத்திருந்தேன். கோடு போட்ட தாள்தான், உருப்படி என்று ஒரு பத்தி இருக்கும், அதன்மேல் எழுதிக்கொள்ளலாம்.

சாயங்காலம் அடுப்படிக்கு வந்தாள். "காத்துல போன பதினாறு பக்கம் உங்களுக்கு ஞாபகம் இருக்கா சின்னம்மா?"

இருந்தது. சொல்லச் சொல்ல எழுதிக்கொண்டாள். இரண்டு இடத்தில், "இது நான் எழுதலையே" என்றாள். "நல்லாருக்கு, இருக்கட்டும்."

பக்கம் 31 போகவில்லை. நோட்டில் இருக்கிறது. அதைப் பற்றி நானும் பேசவில்லை, அவளும் பேசவில்லை.

ஜூலை 24, செவ்வாய்

காற்று விழுந்துவிட்டது. கொடியேற்றம் நாளை மறுநாள். துறைமுகப் பக்கம் கப்பல் ஒன்று ஊதியது.

இசக்கி வந்தாள். வேட்டி 6, துண்டு 3, சேலை 4, மேசை விரிப்பு 1, பாவாடை 2, தாவணி: ரோஸ் 1. ஆக 17.

"நீலம் போடலையா யம்மா? கரையெல்லாம் அழுக்கால்லா கெடக்கு."

"இந்த வாரம் வேண்டாம். வெள்ளிக்கிழமைக்குத் தேவைப்படுது. இந்தத் தடவை கணக்கு உதைக்கக் கூடாது."

"எங்கயும் போறீயளா?"

"இல்லளா."